கிட்டார் பார்க்கப் போனோம்!

பெண் பார்க்கப் போன கதை ஆயிரம் படித்திருப்பீர்கள். வீடு பார்க்கப் போன கதை, மாடு பார்க்கப் போன கதை எல்லாம் கேட்டிருப்பீர்கள். கிட்டார் பார்க்கப் போன கதை மட்டும் கேட்டிருக்க மாட்டீர்கள். அதிலும் அறுபது வயதைத் தாண்டிய கிட்டார்!

சிரிக்காதீர்கள். விலையைச் சொன்னால் உங்கள் சிரிப்பு நின்றுவிடும்.

அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில், புல்லர்ட்டன் என்று ஓர் ஊர். அங்கே லியோ பெண்டர் என்று ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரர் இருந்தார். மனிதருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. ஆனாலும் 1954-ஆம் வருஷம் 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' என்ற மின்சாரக் கிட்டாரைச் செய்து சந்தைக்கு விட்டார். விலை 249 டாலர் 50 சென்ட். பலகையை அறுத்து, கழுத்தை நான்கு திருகாணிகளால் முடுக்கி, மூன்று காந்தச் சுருள்களை வைத்துக் கட்டிய கருவி. உடைந்தால் கழற்றி மாட்டலாம். அதுதான் அதன் பெருமை.

2019-ஆம் வருஷம் ஜூன் மாதம் நியூயார்க்கில் ஓர் ஏலம். டேவிட் கில்மோர் என்ற பிரபல வித்வான் தம் கிட்டார்களில் பலவற்றைத் தர்ம காரியத்துக்காக விற்றார். அதில் 0001 என்ற எண் போட்ட ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 18,15,000 டாலருக்குப் போயிற்று. எண்ணைப் பார்த்து அதுதான் உலகத்தின் முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்று எண்ணிவிடாதீர்கள். அதற்கு முன்பே பல வெளிவந்துவிட்டன. எண் ஒன்று, பிறப்பு வேறு! இந்தச் சங்கதியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் உபயோகப்படும்.

1965-ஆம் வருஷம் ஜனவரி மாதம் லியோ பெண்டர் தம் கம்பெனியை ஸி. பி. எஸ். என்ற ரேடியோ–டெலிவிஷன் ஸ்தாபனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். அதற்கு முன் செய்ததெல்லாம் அமிர்தம், பின் செய்ததெல்லாம் வெறும் நீர்மோர் என்று பழைய கிட்டார் பிரியர்களிடையே ஒரு சித்தாந்தம் உண்டு. எனக்கு அதில் பூரண நம்பிக்கை கிடையாது. ஒரு தொழிற்சாலை ஒரே ராத்திரியில் கெட்டுப் போய்விடுமா? ஆனால் சந்தைக்காரர்கள் என் அபிப்பிராயத்தைக் கேட்டா விலை வைக்கிறார்கள்?

விலை ஏறினால் போலியும் கூடவே வரும். தங்கத்துக்கு வந்தது, தேனுக்கு வந்தது, கிட்டாருக்கு மட்டும் வராமல் இருக்குமா?

சென்ற வருஷம் ஒரு மாத லீவில் நானும் மனைவியும் லாஸ் ஏஞ்சல்ஸ் போயிருந்தோம். என் மைத்துனன் அங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிறான். காலேஜ் நாட்களிலிருந்தே கிட்டார் பைத்தியம். போய் இறங்கிய மூன்றாம் நாள், என் மனைவி குளிக்கப் போன சமயம் பார்த்து என்னைத் தோட்டத்துப் பக்கம் அழைத்துப் போனான்.

"அத்தான், ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் விலைக்கு வந்திருக்கிறது. 1963-ஆம் வருஷத்தது. ஒரு வயதான அம்மாள் விற்கிறார்."

"என்ன விலை?"

"இருபத்திரண்டாயிரம்."

"ரூபாயா?"

"டாலர், அத்தான்."

அவன் கார் கதவு ஒன்று கயிறு போட்டுக் கட்டாத குறையாக ஆடிக் கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். அதைச் சுட்டிக் காட்டினேன். கார் ஓடிக் கொண்டுதானே இருக்கிறது என்றான். எட்டு வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமாம். "அக்காவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்" என்று வேறு கேட்டுக் கொண்டான்.

"எனக்குக் கிட்டாரைப் பற்றி என்னடா தெரியும்? நான் எதற்கு?"

"அதற்காகத்தான் கூப்பிடுகிறேன். அதைக் கையில் எடுத்தவுடனே எனக்குப் புத்தி கலங்கிவிடும். நீங்கள் பத்திரிகைக்காரர். யார் எதைச் சொன்னாலும் நம்பாமல் மறு கேள்வி கேட்பீர்கள். கூட வந்து நின்றால் போதும்."

இதை அவன் புகழ்ச்சியாகச் சொன்னானா என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் ஒப்புக் கொண்டேன். ஒரு வாரம் அவகாசம் இருந்தது. அவன் அலமாரியில் இருந்த புத்தகங்களைப் புரட்டினேன். பழைய கிட்டார் ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவரின் பட்டறையில் இரண்டு சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். அவர் வேலையை நிறுத்தாமலே பேசுவார். அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதி போதுமானதாக இருந்தது.

முழுக்க முழுக்கப் போலியான கிட்டார் அபூர்வம் என்றார் அவர். அதைச் செய்கிறவனுக்குப் பாடு அதிகம். பார்க்கிறவனுக்குக் கண்டுபிடிப்பது சுலபம். கஷ்டம் எங்கே என்றால், முக்கால் பாகம் அசலாக இருந்து கால் பாகம் மாறியிருக்கும் கிட்டாரில்தான். கழுத்து ஒரு கிட்டாரிலிருந்து வந்திருக்கும், உடல் இன்னொன்றிலிருந்து. அல்லது எல்லாம் அசலாகவே இருந்து வர்ணம் மட்டும் புதிதாக அடித்திருப்பார்கள். வர்ணம் மாறினால் என்ன என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். வர்ணம் மாறினால் விலை ஏறக்குறையப் பாதி! சந்தையின் கணக்கு அப்படி.

இந்தக் கலப்பு விஷயத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. எரிக் கிளாப்டன் என்ற வித்வான் 1970-இல் நாஷ்வில் நகரத்துக் கடை ஒன்றில் ஆறு பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை வாங்கினார். மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மீதி மூன்றையும் பிரித்து, நல்ல பாகங்களைப் பொறுக்கி ஒரே கிட்டாராகச் சேர்த்தார். கறுப்பு நிறம், 'பிளாக்கி' என்று செல்லப் பெயர். 2004-இல் அது 9,59,500 டாலருக்கு ஏலம் போயிற்று. அதே காரியத்தை நீங்களோ நானோ செய்தால் அதற்குப் பெயர் கலப்படம்!

மிச்சிகன் மாகாணத்தில் கலமசூ என்ற ஊரில் கிப்ஸன் கம்பெனி செய்த 'லெஸ் பால்' கிட்டார்களின் கதை இதைவிட மோசம். 1958 முதல் 1960 வரை, சிவப்பும் மஞ்சளும் கலந்த அந்தி வானம் மாதிரி ஒரு வர்ணத்தில் 1,500 சொச்சம் கிட்டார்கள் செய்தார்கள். அப்போது அவை சரியாக விலை போகவில்லை. இப்போது ஒவ்வொன்றும் ஒரு பங்களா விலை. அதற்கு முன் 1952 முதல் 1957 வரை அதே மாடலைத் தங்க வர்ணத்தில் செய்திருந்தார்கள். அந்தத் தங்கக் கிட்டாரை வாங்கி, சுரண்டி, அந்தி வான வர்ணம் அடித்து, உயர்ந்த ரகமாக மாற்றுவதற்கென்றே நிபுணர்கள் உண்டு. மரம் அசல், தொழிற்சாலை அசல், வருஷம் மட்டும் பொய். மாற்றியது என்று சொல்லி விற்றால் தப்பில்லை. சொல்லாமல் விற்றால்தான் வழக்கு.

அந்தக் கிட்டார்களின் பிக்கப்புக்கு அடியில் 'பேடண்டுக்கு மனுச் செய்யப்பட்டிருக்கிறது' என்று ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருப்பார்கள். அந்தக் காகிதம் இருந்தால் பிக்கப்புக்கே தனி மரியாதை. பேடண்ட் கிடைத்த பிறகு எண்ணைப் போட்டு வேறு காகிதம் ஒட்டினார்கள். 2,737,842 என்ற அந்த எண்ணைத் தேடிப் பார்த்தால் அது பிக்கப்பின் பேடண்டே அல்ல! தந்திகளைக் கட்டும் வால் பாகத்துக்கு லெஸ் பால் வாங்கிய பேடண்ட். போட்டிக்காரர்கள் திண்டாடட்டும் என்றுதான் அப்படிப் போட்டார்கள் என்பார்கள். ஆக, கம்பெனியே அசல் சாமானில் தப்பான எண்ணைப் போட்டிருக்கிறது. அந்தத் தப்பு இருந்தால்தான் அது அசல்! எங்கே போய் முட்டிக் கொள்வது?

பட்டறைப் பெரியவர் கடைசியாக ஒன்று சொன்னார். "ஏமாற்றுகிறவன், நீ எங்கே பார்ப்பாயோ அங்கே பாடுபடுவான். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அவன் நினைக்கும் இடத்தில் நீ பார்."

அந்த அம்மாளின் வீடு பாஸடீனாவில். வயது எண்பதை நெருங்கியிருக்கும். கணவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டை விற்றுவிட்டு மகள் ஊருக்குப் பக்கத்தில் சின்ன ஜாகைக்குப் போகப் போகிறார். பாதிச் சாமான்கள் பெட்டிக்குள் இருந்தன. கூடத்துச் சுவரில் போட்டோக்கள் மட்டும் இன்னும் மாட்டியிருந்தன.

உட்கார்ந்தவுடனேயே அவர் ஒளிக்காமல் விஷயத்தைச் சொன்னார். ஏற்கெனவே ஒரு கடைக்காரர் வந்து பார்த்தாராம். கழுத்து மட்டும்தான் அசல், மற்றதெல்லாம் எங்கெங்கோ பொறுக்கிய ஒட்டு என்று சொல்லி, ஐயாயிரம் டாலருக்குக் கேட்டாராம். அடுத்த வீட்டுக்காரரோ, இருபத்திரண்டுக்குக் குறையாதே என்கிறாராம்.

"பணம் ஒரு பக்கம் இருக்கட்டும்" என்றார் அந்த அம்மாள். "என் கணவர் இதை 1963-ஆம் வருஷக் கடைசியில் புதிதாக வாங்கியதாகத்தான் எப்போதும் சொல்வார். ஒட்டுப் போட்ட சாமானை வைத்துக் கொண்டு என்னிடம் அப்படிச் சொல்லியிருப்பாரா? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்."

நான் மைத்துனனைப் பார்த்தேன். அவன் கிட்டாரைப் பார்த்துக் கொண்டிருந்தான். ஓரத்தில் கறுப்பு, உள்ளே சிவப்பு, நடுவில் மஞ்சள் என்று மூன்று வர்ணமும் குழைந்து, நெருப்பில் வாட்டிய மாதிரி இருந்தது. அவனுக்குப் புத்தி கலங்கியாகிவிட்டது என்று தெரிந்தது. இனி நான்தான்.

முதலில் தேய்மானத்தைப் பார்த்தோம். உங்கள் வீட்டு அம்மிக்கல்லைப் பாருங்கள். குழவி ஓடிய இடத்தில்தான் குழிந்திருக்கும்; மூலையில் குழிந்திருந்தால் ஏதோ விஷமம் என்று அர்த்தம். கிட்டாரும் அப்படியே. வாசிப்பவரின் வலது முழங்கைக்குக் கீழ் உராயும் விளிம்பு, முதுகில் பெல்ட்டு பக்கிள் படும் இடம், கழுத்தில் கட்டை விரல் ஓடும் இடம், விரல் பலகையில் முதல் சில மெட்டுகளுக்கு இடைப்பட்ட இடம் — இவைதாம் தேய வேண்டும். 1995 முதல் பெண்டர் கம்பெனியே புதுக் கிட்டாரைப் பழசு மாதிரி தேய்த்து விற்கிறது. புதுசு என்று சொல்லியே விற்பதால் அதில் மோசமில்லை. ஆனால் இந்த வித்தை தெரிந்தவர்கள் கம்பெனிக்கு வெளியேயும் இருக்கிறார்களே! நாங்கள் பார்த்த கிட்டாரில் கழுத்துத் தேய்மானம் பிரமாதம். விரல் பலகையில் இரண்டாம், மூன்றாம் மெட்டுகளுக்குப் பக்கத்தில் மரம் லேசாகக் குழிந்திருந்தது. அது பிரேசில் ரோஸ்வுட். நம் ஊர் ஈட்டி மரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன். உடல் மட்டும் அவ்வளவு தேயவில்லை. நான் அதைக் குறித்துக் கொண்டேன்.

பின்பக்கத்துத் தகட்டில் 'எல்' எழுத்தில் தொடங்கும் எண் இருந்தது. 1962 கடைசியிலிருந்து 1965 வரை வந்த எண் வரிசை அது. மைத்துனன் முகம் மலர்ந்தது. நான் மலரவில்லை. அந்தத் தகடு நான்கு திருகாணியில் நிற்கிறது. ஐந்து நிமிஷத்தில் மாற்றிவிடலாம். தொழிற்சாலையிலேயே தகடுகளை ஒரு பெட்டியில் கொட்டி, கைக்கு வந்ததை எடுத்து மாட்டினார்களாம். 0001 கதைதான் தெரியுமே!

"கழற்றிப் பார்க்கலாமா?" என்று அந்த அம்மாளைக் கேட்டேன்.

"அவர் காரைக் கழற்றாத மெக்கானிக் இந்த ஊரில் கிடையாது. இதையும் கழற்றுங்கள்" என்று சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போனார்.

தந்திகளை இறக்கிவிட்டு, திருப்புளியால் நான்கு திருகாணிகளையும் எடுத்தோம். கழுத்து தனியாக வந்தது. அதன் அடியில் நீல மசியில் ஒரு முத்திரை: '2 அக்டோபர் 63 பி'. அக்டோபர் 2-ஆம் தேதி என்றுதானே படிப்பீர்கள்? நானும் காந்தி ஜயந்தி கணக்கெல்லாம் போட ஆசைப்பட்டிருப்பேன். ஆனால் அந்த 2 தேதி அல்ல. ஸ்ட்ராட்டோகாஸ்டர் கழுத்துக்குக் கம்பெனி வைத்த அடையாள எண். மாதமும் வருஷமும் மட்டுமே உண்மை. 'பி' என்பது கழுத்தின் மேல் முனை அகலம். போலி முத்திரை குத்துகிற சிலர் இது தெரியாமல் 17, 23 என்று தேதி போட்டு அகப்பட்டுக் கொள்வதுண்டாம். இது சரியாக இருந்தது. மேபிள் மரத்தோடு ரோஸ்வுட் ஒட்டிய கோடு வளைவாகப் போயிற்று. 1962-க்கு நடுவிலிருந்து அப்படித்தான் ஒட்டினார்கள். அதற்கு முன் நேர்கோடு. அதுவும் சரி.

அடுத்து முகப்புத் தகடு. வெள்ளையாகப் பிறந்து, வயதானதும் லேசான பச்சை படிந்துவிடும் செல்லுலாய்ட் தகடு. 1959-லிருந்து 1965-இன் தொடக்கம் வரை அதைத்தான் போட்டார்கள். வயதாக ஆகச் சுருங்கும்; திருகாணி ஓரத்தில் விரிசல் விடும். இதில் ஒரு விரிசல் இருந்தது. பட்டறைப் பெரியவர் ஒரு பரீட்சை சொல்லிக் கொடுத்திருந்தார். தகட்டின் ஓரத்தைக் கட்டை விரலால் சூடு வருமட்டும் தேய்த்து முகர்ந்து பார்க்க வேண்டும். தேய்த்தேன். முகர்ந்தேன். கற்பூரம்! செல்லுலாய்ட் செய்வதற்குக் கற்பூரம் சேர்க்கிறார்கள். இந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கில் அந்த வாசனை வராது. பாஸடீனாவில் ஒரு வெள்ளைக்கார அம்மாளின் கூடத்தில் மாரியம்மன் கோயில் வாசனை! மைத்துனனிடம் நீட்டினேன். அவனுக்கு ஜலதோஷம், ஒன்றும் தெரியவில்லை என்றான். நம் பழமொழி ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. மனைவியின் தம்பி ஆயிற்றே என்று விழுங்கினேன்.

தகட்டைத் திருப்பினால் உள்ளே மூன்று குமிழ்கள். ரேடியோவின் வால்யூம் கண்ட்ரோல் மாதிரிதான். முதுகில் எண் குத்தியிருக்கும். மூன்றிலும் 304, 63, 26 என்று இருந்தது. 304 என்பது அதைச் செய்த ஸ்டாக்போல் கம்பெனியின் அடையாளம், 63 வருஷம், 26 அந்த வருஷத்தின் 26-ஆவது வாரம். அதாவது ஜூன் மாதக் கடைசி. ஜூனில் செய்த குமிழை வாங்கி வைத்து, அக்டோபர் கழுத்தோடு சேர்த்துக் கிட்டாராக்கியிருக்கிறார்கள். கணக்குப் பொருந்துகிறது. குமிழ் கிட்டாரைவிட மூத்ததாக இருக்கலாம். 1966-இல் மொத்தமாக வாங்கிய குமிழ்களை அந்தப் பத்து வருஷம் முடிகிற மட்டும் போட்டார்கள். இளையதாக மட்டும் இருக்கக் கூடாது. பிள்ளை பிறப்பதற்கு முன்பே பேரன் பிறக்க முடியாது அல்லவா?

குமிழ்களில் ஈயப் பற்று சாம்பல் பூத்து, பழுப்புப் பிசின் காய்ந்து, யார் கையும் படாமல் இருந்தது. துணி சுற்றிய கம்பிகள். ஆனால் நடு பிக்கப்பின் கம்பி மட்டும் பிளாஸ்டிக் உறை போட்டது. அதன் ஈயம் வெள்ளி மாதிரி பளபளத்தது. புரட்டிப் பார்த்தோம். இரண்டு பிக்கப்புகளின் அடிப்பலகை கறுப்பு. நடுவில் உள்ளது சாம்பல் நிறம். கறுப்பை விட்டுச் சாம்பலுக்கு அவர்கள் மாறியது 1964-இல். ஆகவே நடுப் பிக்கப் பிற்பாடு வந்தது.

இனி உடல். இதற்குத்தான் நான் காத்துக் கொண்டிருந்தேன். அந்த நாளில் வர்ணம் அடிக்கும்போது பலகையின் முகத்தில் மூன்று நான்கு ஆணிகளை அடித்து, அவற்றைக் கால்களாக்கிக் காயப் போடுவார்கள். காய்ந்ததும் ஆணியைப் பிடுங்கிவிடுவார்கள். தகட்டுக்கு அடியில் மறையும் துவாரங்கள்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்! வர்ணம் அடித்த பிறகு பிடுங்குவதால் அந்தத் துவாரத்துக்குள் பச்சை மரம் தெரிய வேண்டும். வர்ணம் உள்ளே இறங்கியிருந்தால், ஆணி போன பிறகு இன்னொரு தடவை அடித்திருக்கிறார்கள் என்று பொருள்.

டார்ச்சைப் பிடித்துப் பார்த்தேன். நான்கு துவாரத்துக்குள்ளும் மஞ்சள் வர்ணம் வழிந்து உறைந்திருந்தது.

மைத்துனன் ஒன்றும் பேசவில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கையோடு கொண்டு வந்திருந்த ஊதா விளக்கை ஏற்றினான். பழைய லாக்கர் அந்த வெளிச்சத்தில் பச்சை கலந்த மஞ்சளாக மின்னும். கழுத்தும் தலையும் மின்மினி மாதிரி ஒளிவிட்டன. உடல் இருட்டாகவே கிடந்தது. கழுத்து பொருந்தும் குழியின் ஓரத்தில், சில்லுப் பெயர்ந்த இடத்தில், மஞ்சளுக்கு அடியில் வெள்ளையாக ஒரு கோடு. அதை மட்டும் வைத்து ஆதியில் வெள்ளைக் கிட்டார் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. வேறு வர்ணங்களுக்கு அடியிலும் வெள்ளைப் பூச்சு அடிப்பதுண்டு.

அந்த அம்மாள் காப்பியோடு வந்தார். திரை இழுத்திருப்பதையும் எங்கள் முகங்களையும் பார்த்தார்.

"வர்ணம் பிற்பாடு அடித்தது, அம்மா" என்று சொன்னேன்.

"இருக்காது. 1971-இல் நான் அவரைச் சந்தித்த நாளிலிருந்து இது இப்படித்தான் இருக்கிறது."

"அதற்கு முன்பு?"

அவர் பதில் சொல்லாமல் சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் போட்டோ ஒன்று. மூன்று வாலிபர்கள் ஒரு மேடையில் நிற்கிறார்கள். நடுவில் உள்ளவர் கையில் கிட்டார். போட்டோவைக் கழற்றிக் கொண்டு வந்து மேஜை மேல் வைத்தார். பூதக் கண்ணாடி எடுத்து வந்தார். நாங்கள் மூவரும் தலையைக் கவிழ்த்துக் கொண்டு பார்த்தோம். ஓரத்தில் கறுப்பே இல்லை. முகப்புத் தகட்டுக்கும் உடலுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரே வெளுப்பு. வெள்ளையோ, மிக வெளிறிய வேறு வர்ணமோ, நிச்சயமாக இந்த அந்தி வானம் அல்ல. கழுத்துக்கு அருகே உடலின் கொம்பில் ஒரு சின்னக் குழிவு விழுந்திருந்தது. எங்கள் மடியில் கிடந்த பலகையில் அதே கொம்பில் விரலை வைத்தேன். புது வர்ணத்துக்கு அடியில் அந்தக் குழிவு அப்படியே இருந்தது.

அதே உடல். ஒட்டு அல்ல.

"ஐம்பது வருஷம் இந்தப் படத்தைத் துடைத்து மாட்டியிருக்கிறேன்" என்றார் அந்த அம்மாள். "போட்டோ வெளுத்துப் போயிருக்கிறது என்றே நினைத்தேன். அவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லையே!" சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சிரித்தார். "அழுக்காகிறது என்று மாற்றியிருப்பார். வெள்ளைச் சட்டையே போட மாட்டார். கல்யாணத்துக்கு நான் வற்புறுத்திப் போட வைத்தேன்."

மைத்துனன் என் காதருகில் தமிழில் முணுமுணுத்தான். அந்தக் காலத்தில் வழக்கமான வர்ணம் வேண்டாம், தனி வர்ணம் வேண்டும் என்று கேட்டால் ஐந்து சதவிகிதம் கூட வாங்குவார்களாம். அப்படி வாங்கிய கிட்டார் வர்ணம் மாறாமல் இருந்தால், அந்தி வான வர்ணத்துக் கிட்டாரைவிட விலை அதிகமாம். அந்த மனிதர் ஒரு டப்பா வர்ணத்தில் எத்தனை ஆயிரம் டாலரை மூடிவிட்டார் பார்த்தீர்களா என்றான். அவருக்கு அது அன்றைக்குப் பிழைப்புக்கான கருவி. தச்சன் உளிக்குப் பிடி மாற்றுவது போல மாற்றியிருக்கிறார். அதில் குற்றம் கண்டுபிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

எல்லாவற்றையும் அந்த அம்மாளிடம் வரிசையாகச் சொன்னோம். உங்கள் கணவர் சொன்னது உண்மை. 1963-ஆம் வருஷக் கடைசியில் உருவான கிட்டார்தான். கழுத்து, உடல், குமிழ்கள், இரண்டு பிக்கப் எல்லாம் அசல். ஒரு பிக்கப் மாறியிருக்கிறது. வர்ணம் மாறியிருக்கிறது. ஐந்தாயிரம் என்றவர் சொன்னதும் சரியில்லை. இருபத்திரண்டு என்றவர் சொன்னதும் சரியில்லை. மைத்துனன் பன்னிரண்டாயிரம் தருவதாகச் சொன்னான். இன்னும் இரண்டு பேரிடம் காட்டிவிட்டு முடிவு சொல்லுங்கள் என்றும் சொன்னான். அவனுக்கு அதைச் சொல்ல எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். அவன் கை இன்னும் அந்தக் கழுத்தை விடவில்லை.

எட்டு நாள் கழித்து டெலிபோன் வந்தது. பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்குச் சம்மதம் என்றார். அதற்குள் என் மனைவிக்கும் விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. அந்த எட்டு நாளும் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது இந்தக் கட்டுரைக்குச் சம்பந்தமில்லாதது.

நாங்கள் போனபோது அவர் கிட்டாரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்திருந்தார். பழைய போட்டோவுக்கு ஒரு நகல் எடுத்து, அதையும் உள்ளே வைத்திருந்தார். ரசீது எழுத வேண்டியிருந்தது. பத்திரிகைக்காரன் என்று என் கையில் பேனாவைக் கொடுத்தார்கள். இப்படி எழுதினேன்: 'ஸ்ட்ராட்டோகாஸ்டர். கழுத்து 1963 அக்டோபர். உடல் அதனோடு கூடப் பிறந்தது. ஆதியில் வெளிர் நிறம். 1971-க்கு முன் மறு வர்ணம் அடிக்கப்பட்டது. நடுப் பிக்கப் பிற்காலத்தது. ஒரே சொந்தக்காரர்.'

அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு இரண்டு தடவை படித்தார். 'ஒரே சொந்தக்காரர்' என்பதற்கு மேல் தம் கையால் கணவர் பெயரை எழுதிச் சேர்த்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.